மறைக்கல்வி ஆசிரியர்கள் படிக்க வேண்டிய நூல்கள்

ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்றுத்தருவோர் பெரும்பாலும் வேலைக்குப் போய்வரும் சாதாரண பொதுநிலையினர்தான். பாடநூலில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் எங்கே பார்ப்பது?

முதலில் விவிலியம். அடுத்து, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் வெளியிட்ட 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி'. மொத்தம் 2,865 பத்திகள். ஒரே மூச்சில் படிக்கும் நூல் அல்ல, வேண்டியபோது புரட்டிப் பார்ப்பதற்கு. நேரமில்லாதவர்களுக்கு 2005-இல் வந்த அதன் சுருக்கம் கைகொடுக்கும். 598 கேள்விகள், பதில்களுடன். இளைஞர் வகுப்பு என்றால் 2011-இல் வந்த யூகேட்.

பலர் அறியாத நூல் இன்னொன்று உண்டு. கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ், தம் போதனை தமக்கே சலிப்பூட்டுகிறது என்று புனித அகுஸ்தினாரிடம் முறையிட்டார். அதற்குப் பதிலாக கி.பி. 400 வாக்கில் எழுதப்பட்ட சிறு நூல் அது. தம் பேச்சும் தமக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை, ஆனால் கேட்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை என்கிறார் அகுஸ்தினார். கேட்பவர் கொட்டாவி விட்டால்? கலகலப்பாக ஏதாவது சொல்லுங்கள், நின்றுகொண்டிருந்தால் உட்கார வையுங்கள் என்பது அவர் யோசனை. நீண்ட போதனை ஒன்று, சுருக்கமானது ஒன்று என இரண்டு மாதிரிகளும் அதிலேயே உள்ளன. புதிதாக வகுப்பெடுக்க வருபவர் அந்தச் சுருக்கமான மாதிரியிலிருந்தே தொடங்கலாம்.