பாதியில் திருப்பித் தரும் நூல்

நூலகத்தில் இரவல் பெற்ற நூல் ஏமாற்றம் தருமாயின், அதனை இறுதிவரை படித்தே தீர வேண்டுமா? எளியதாகத் தோன்றும் இவ்வினா, வாசிப்பைக் கற்பிக்கும் நம்மைப் பெரிதும் சார்ந்ததாகும்.

விலை கொடுத்து வாங்கிய நூலைப் பாதியில் விடத் தயங்குவதற்குச் செலவிட்ட பணம் ஒரு காரணம். நூலக நூலுக்கு அக்காரணம் இல்லை, ஆயினும் தயங்குகின்றோம். அதுவரை படித்த நூறு பக்கங்கள் வீணாகிவிடுமே என்னும் எண்ணம் ஒன்று. கலைமகளாகப் போற்றும் நூலை இடையில் மூடுவது குற்றம் என்னும் உணர்வு மற்றொன்று. நாமும் ஒரு நாவலை மூன்று முறை தவணை நீட்டித்து மேசையில் வைத்திருந்ததுண்டு. அதனையும் படிக்கவில்லை, அது கிடக்கின்றதே என்று வேறொரு நூலையும் எடுக்கவில்லை. அந்நூலை வேண்டுவோர் பிறர் இருக்கக்கூடும் என எண்ணியதுமில்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் மூன்று இங்கு வழிகாட்டுகின்றன. வாசகருக்கு உரிய நூல் கிட்ட வேண்டும். நூலுக்கு உரிய வாசகர் கிட்ட வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது என்பன அவை. இவற்றின்படி நோக்கின், நமக்கு ஒவ்வாத நூலை விரைந்து திருப்பித் தருதல் அந்நூலுக்கும் நாம் செய்யும் உதவியாகும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பென்னாக், 1992இல் பட்டியலிட்ட வாசகரின் பத்து உரிமைகளுள், நூலை முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாக வைத்தார்.

எனினும், ஏமாற்றம் வேறு, கடினம் வேறு. சங்கப் பாடல் முதல் வாசிப்பில் பலருக்கும் கடினமே. உரையும் ஆசிரியரும் துணைநின்றபின் அதுவே சுவைக்கின்றது. மேலும், தாம் மறுக்க எண்ணும் நூலை ஆய்வாளர் முழுமையாகப் படித்தே ஆக வேண்டும். ஆகவே, 'புரியவில்லை' என்று விடுவதற்கும் 'புரிந்தது, ஆயினும் நிறைவில்லை' என்று விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் இன்றியமையாதது.

மலேசியப் பள்ளிகளின் நிலாம் போன்ற வாசிப்புத் திட்டங்களில், படித்து முடித்த நூல்களே பெரும்பாலும் கணக்கில் சேர்கின்றன. முடிக்காத நூலுக்கு இடமில்லாதபோது, பின்னட்டைக் குறிப்பைப் பார்த்துச் சுருக்கம் எழுதும் பழக்கம் எளிதில் தோன்றிவிடும். 'எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய், ஏன்?' என்னும் ஒரு கட்டத்தை வகுப்பளவிலேனும் நாம் சேர்க்கலாம். அதில் மாணவர் உண்மையாக எழுதும் இரண்டு வரிகள் திறனாய்வின் தொடக்கமாக அமையும்.