வேலையையும் அளந்து பாருங்கள்

மாமாங்கேஸ்வரர் கோயில் அமைந்த அமிர்தகழியிலும் மட்டக்களப்பு வாவியோரத்து ஊர்களிலும் போரின் இழப்பையோ 2004 டிசம்பர் 26 சுனாமியின் இழப்பையோ அறியாத குடும்பம் அரிது. கடையில் நிற்கும் பெண்ணுக்கோ, நுண்கடன் அறவிடப் போகும் இளைஞனுக்கோ, ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ நித்திரை கெட்டு நெஞ்சு படபடத்தால், ‘அது பழைய கவலை’ என்று முதலாளி ஒதுங்கிக்கொள்ள அந்தத் துயரமே வழிவிட்டுவிடுகிறது. பழைய காயம் உள்ள ஒருவரை மிதமிஞ்சிய சுமை எளிதில் முறித்துவிடும் என்பதால், முதலாளியின் பொறுப்பு இங்கு கூடத்தான் செய்கிறது. ஊழியரின் மனநிலையை விசாரிக்குமுன் வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று அளப்பதே அந்தப் பொறுப்பின் முதற்படி.

சுமை மிகுந்து, அதைச் செய்யும் விதத்தைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்த வேலையே ஆளை அதிகம் வாட்டுகிறது என்று 1979இல் ஆய்வாளர் ரொபர்ட் கராசெக் காட்டினார். பிரித்தானியாவில் இன்று ஆறு விடயங்களைக் கேட்கிறார்கள்: வேலைச்சுமை, சுயதீனம், மேலதிகாரியின் ஆதரவு, சக ஊழியர் உறவு, பொறுப்பின் தெளிவு, மாற்றங்களை அறிவிக்கும் முறை. வாரத்தில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் கணக்கிட்டன. ‘உங்களுக்கு மனச்சோர்வா?’ என்று கேட்டால் ஒரு பெயர்தான் கிடைக்கும். ‘இடைவேளை எடுக்க முடிகிறதா? இரண்டு அதிகாரிகள் முரணான கட்டளை இடுகிறார்களா?’ என்று கேட்டால் திருத்தக்கூடிய குறை தெரியவரும்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழியும் உண்டு. ஜப்பானில் 2015 முதல், 50 ஊழியரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் மனவழுத்தப் பரிசோதனை கட்டாயம். ஒருவரின் முடிவை அவர் சம்மதமின்றி முதலாளிக்குக் கொடுக்க முடியாது. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு இதெல்லாம் கட்டுபடியாகாது என்பார்கள். அங்கு வினாக்கொத்தில் பெயரை மறைத்தாலும் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். மேலதிக நேரப் பதிவும், லீவு விபரமும், விலகிப்போனவர் தொகையும் அங்கு போதுமான அளவுகோல்கள். அவற்றுக்குச் செலவே இல்லை.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிதும் உடலுக்கு வரும் ஆபத்தை நினைத்தே எழுதப்பட்டது. ஆனாலும் பிடித்துக்கொள்ளச் சட்டங்கள் உண்டு. கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். மீறினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் குற்றம், பொலிசுக்குப் போகலாம். வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய மன்றத்தை நாட வேண்டும். நடந்ததைத் திகதியோடு குறித்து வைப்பது எல்லா முறைப்பாட்டுக்கும் பலம். மனம் தாளாதபோது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். ஆனால் தேறிவந்தவரைத் திரும்ப அதே சுமைக்குள் அனுப்பினால் வைத்தியம் வீண். ஆகவே தொழில் பரிசோதகர்கள் இயந்திரத்தைப் பார்க்கும்போது அந்த ஆறு கேள்விகளையும் கேட்க வேண்டும். கேட்கும்படி தொழிற்சங்கங்கள் வற்புறுத்த வேண்டும்.