சாமைப் பொட்டலத்துக்கு ஒரு நல்ல எழுத்து

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் ஓர் இளம் வடிவமைப்பாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையில் விளைந்த சாமைக்கு அரைக்கிலோ பொட்டலம். அதன் லேபிளை அவர் செய்ய வேண்டும். இணையத்தைத் திறந்தால் கதிரும் கலப்பையுமாக எல்லா ஊர்ப் பொட்டலங்களிலும் பார்த்துச் சலித்த படங்களே வந்து விழும். ஆனால் கடையில் பொட்டலத்தைக் கையில் எடுப்பவர் தேடிப் படிப்பது ‘சாமை’ என்ற பெயரைத்தான். அந்த எழுத்தைச் சிறப்பாகச் செய்வதற்கான கற்பனையும் கருவியும் தமிழில் நிறையவே கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசும் வேண்டாம்.

எழுத்துக்கு உருவம் தருவது கருவி. கொல்லிமலையின் அறப்பளீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உளியால் வெட்டிய எழுத்துக்குக் கல்லின் இறுக்கம் இருக்கும். ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து மெல்லியது. ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சானபோது தமிழ் எழுத்து ஈய அச்சுக்கு வந்தது. பெயர்ப்பலகை ஓவியரின் பட்டைத் தூரிகையோ ஒரே இழுப்பில் தடித்தும் மெலிந்தும் ஓடும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அந்தக் கருவி எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து வரைந்து பழகுவதுதான் முதல் பயிற்சி.

இனி லேபிளுக்கு வருவோம். ‘சாமை’ என்ற சொல்லில் மேலே ஏறும் கொக்கியோ புள்ளியோ இல்லை. சொல் மட்டமாக உட்காரும். ‘மிளகு’ என்றால் மகரத்தின் தலையில் கொக்கி ஏறும். ‘பலாப்பழம்’ என்றால் மேலே இரண்டு புள்ளி, கீழே ழகரத்தின் வால். சாமைக்குச் சரியாக இருக்கும் வரி இடைவெளி பலாப்பழத்துக்கு இடிக்கும். எனவே ஒரே வரிசையில் வரப்போகும் எல்லாப் பெயர்களையும் முதலில் எழுதிப் பார்த்துவிட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

‘கொல்லிமலை’ என்ற பெயரில் இன்னொரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் எழுத்தின் மேலேயே கொம்பு சுழிந்து நின்றன. பழைய நூல்களில் அந்த ‘லை’யைப் பார்க்கலாம். அதன் சுழிப்பைப் பொட்டலத்தின் முத்திரையில் கொண்டுவரலாம். விலையும் விவரமும் இன்றைய எழுத்திலேயே இருக்கட்டும். பழைய வடிவத்தை இளைஞர்கள் பலர் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் முன்னோடி ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). நூல் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் அவர் வரைந்த தலைப்பெழுத்துகள், தமிழ் எழுத்தே ஓவியமாகும் என்று காட்டின. அவர் பார்த்த விதத்தைக் கற்கலாம்; எழுத்தை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. இந்தியச் சட்டப்படி கலைஞர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது.

பழைய அச்சைப் பார்க்க, சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மலையை விட்டு இறங்காமல் பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூல்களைத் தொகுக்கும் ‘நூலகம்’ தளமும் உண்டு. எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸ். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ கையெழுத்துபோலச் சாய்ந்து ஓடும். பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரான்’ தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே குடும்பத்தில் தருகிறது. உணவுப் பொட்டலத்தின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதனால் இப்படி இணைந்த எழுத்துரு மிகவும் உதவும். இவை திறந்த உரிமத்தில் வருபவை. விற்பனைப் பொருளிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் ‘மை’யின் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ் நேராகவே வரும். அச்சுக்கு அனுப்புமுன் உண்மை அளவில் ஒரு தாளில் எடுத்து, கை நீட்டிய தூரத்தில் வைத்து, தமிழ் படிக்கும் வேறொருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். திரையில் தெரியாத பிழை அங்கே தெரியும்.

ஃப்ளெக்ஸ் வந்தபின் கையால் எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று மிச்சம் இருந்தால் நேருக்கு நேர் நின்று தெளிவான படம் எடுங்கள். எழுதியவர் யாரென்று விசாரித்து, எழுதிய ஆண்டையும் குறித்து வையுங்கள். நாளைய வடிவமைப்பாளருக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.