கிறீம் போத்தலில் இருக்கும் அந்தச் சொல்

குளிர் தொடங்கி வீட்டில் ஹீற்றர் போட்டதும், எங்கள் சபைப் பிள்ளைகள் பலர் முழங்கையின் உள்மடிப்பைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். ஜிபி எழுதித் தரும் பெரிய போத்தலில் ‘எமோலியன்ட்’ என்று இருக்கும். அம்மா அதைக் கிறீம் என்பார், அம்மம்மா களிம்பு என்பார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அது லத்தீனிலிருந்து வந்தது. ‘மோல்லிஸ்’ என்றால் மென்மையானது; ‘எமோல்லீரே’ என்றால் மென்மையாக்குவது. நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளுக்கு ‘மொலஸ்க்’ என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். ஏசாயா 1:6-ல், எண்ணெயால் இதமாக்கப்படாத காயங்களைப் பற்றி வாசிக்கிறோம் அல்லவா? 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘மாலிஃபைட்’ என்று இருக்கிறது. அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். வாலிபர் கூட்டத்துக்கு ஆங்கில வேதாகமம் கொண்டுவருகிறவர்கள் எடுத்துப் பாருங்கள்.

வறண்ட தோலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். எமோலியன்ட் மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தடுக்கிறது. ஆனால் பொட்டு வைப்பதுபோலத் தொட்டுப் பூசினால் போதாது. எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவை என்பது இங்குள்ள நைஸ் அமைப்பின் வழிகாட்டல். சிக்கனமான எங்கள் அம்மாமாருக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்! முடி வளரும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

தாதியராகிய நாங்கள் கட்டாயம் சொல்லவேண்டியது இன்னொன்று இருக்கிறது. பூசிய கிறீம் உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் துவாயிலும் ஊறிக் காய்ந்துவிடும். அந்தத் துணியில் நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றி வேகமாக எரியும். பரஃபின் உள்ள கிறீம்தான் ஆபத்து என்று முன்பு நினைத்தார்கள். பரஃபின் இல்லாதவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று 2018 டிசம்பரில் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்எச்ஆர்ஏ எச்சரித்தது. துவைத்தாலும் முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கால் வெடிப்புக்குக் கிறீம் பூசும் அம்மம்மா அதே சேலையோடு காஸ் அடுப்பில் தோசை சுடும்போது கவனியுங்கள். மெழுகுதிரி ஆராதனைக்குப் போகும்போது பிள்ளைக்குத் துவைத்த உடுப்பைப் போடுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அவரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். கிறீமை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து அதிகமுள்ள வீடுகளுக்கு லண்டன் தீயணைப்புப் படையினர் நேரில் வந்து இலவசமாகப் பார்த்து ஆலோசனை சொல்வார்கள். அம்மம்மாவுக்காக அதைக் கேட்டு ஒழுங்குசெய்வது ஆங்கிலம் பேசும் பேரப்பிள்ளைகளின் வேலை.