உஷார்! ஃபயர் ஆபீஸ் பையோடு பார்க்குக்குக் கிளம்பாதீர்கள்

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்து அக்காக்களே, அண்ணாச்சிமார்களே, வேன் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள். தினமும் ஃபயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, தூக்குவாளி சுமந்து போகிற அந்த ஒயர் கூடையோ கட்டைப்பையோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் போகிற அன்றைக்கு உங்கள் கையில் இருக்கவே கூடாது. உதறிவிட்டேன், துவைத்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். வேறு பை எடுங்கள்.

தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் திறக்காத நாட்கள், பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், அதைத் தொட்டு வருகிற கோடை விடுமுறை. நம் பக்கத்தில் தெருவே சேர்ந்து வேன் பிடிக்கிற காலம் இதுதான். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் இருக்கிற அதிசயம், மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டர், பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் இன்னும் தூரம். விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்கிற அவசரத்தில், அடுப்படி ஆணியில் தொங்குகிற பை எதுவோ அதில்தான் துண்டும் மாற்றுத்துணியும் முறுக்குப் பொட்டலமும் போகும். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

பார்க் வாசலில் என்ன நடக்கும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். டிக்கெட்டைக் காட்ட வேண்டும், கையில் பட்டை ஒட்டுவார்கள், பையை மேசையில் வைத்துத் திறக்கச் சொல்வார்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், மது, கத்தி, கண்ணாடி பாட்டில் எதுவும் உள்ளே போகாது. பெரும்பாலான இடங்களில் வெளிச்சாப்பாடும் போகாது. இந்தச் சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள். நாலு மணிக்கு எழுந்து கிளறிய புளியோதரையை வெளியே வைக்கச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். கைக்குழந்தையின் பால், கஞ்சி, சர்க்கரைக்காரரின் மாத்திரை இவற்றுக்கு எங்கும் கேட்டால் வழி கிடைக்கும், கேளுங்கள். ஆனால் கோபத்தில் "பையைத் தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். காவலாளி பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது உங்கள் பிள்ளைக்காகவும்தான். தீப்பெட்டியும் பீடியும் செல்போனும் வாசலிலேயே பறிக்கப்படுகிற வேலைக்கு தினம் போய் வருகிற நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, காவலாளி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. அவர் உங்கள் பையைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பை ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேனில் வந்திருக்கிறது. இருக்கைக்கு அடியில், பிள்ளைகளின் காலுக்கு இடையில், டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் சூடு ஏறுகிற இடத்தில் இருந்திருக்கிறது. தெரு ஆட்களை எல்லாம் சுமந்துகொண்டு அந்த வண்டி ஓடியிருக்கிறது.

அந்தப் பையில் என்ன இருக்கும் என்பதை வெளியூர்க் காவலாளியை விட நாம்தான் அறிவோம். அலுமினியப் பவுடர் தையல் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கை பட்டால் வெள்ளியாக மின்னும். கந்தக வாசனை சோப்புக்கும் போகாது. கூடையின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கருந்திரித் துண்டு சுருண்டு கிடக்கும். அதே கூடையில் பிள்ளைக்கு முறுக்கு வைப்பதா? வெடிக்கும் பயத்தை விடுங்கள், அந்தப் பவுடர் வாய்க்குள் போவதே கேடு.

பையன்களின் டவுசர் பாக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது. தீபாவளி மறுநாள் தெருத் தெருவாக வெடிக்காத வெடியைப் பொறுக்குவதும், அதைப் பிய்த்து மருந்தைப் பேப்பரில் கொட்டிச் சேர்ப்பதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணம். துப்பாக்கிக் கேப் சுருள், ஒற்றை வெடி, யாரோ கொடுத்த வெங்காய வெடி எல்லாம் கூட்டாளிகளிடம் காட்டுவதற்கென்றே பாக்கெட்டில் ஏறிவிடும். சுற்றுலாப் பேருந்தில் ஆசிரியர் அசந்த நேரத்தில் கடைசி சீட்டில் இது கைமாறும்.

தீ வைத்தால்தானே வெடிக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையில், விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தில், ஒருவர் தன் 7 வயது மகனை ஸ்கூட்டரில் வைத்து நாட்டு வெடி மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். யாரும் திரி கொளுத்தவில்லை. மூட்டை வெடித்தது, அப்பனும் பிள்ளையும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். 2024 அக்டோபர் 31, அதுவும் தீபாவளி. ஆந்திராவின் ஏலூரில் பைக்கில் வெங்காய வெடி மூட்டை கொண்டுபோனார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கியதும் மூட்டை வெடித்தது. ஒருவர் இறந்தார், தெருவில் நின்றவர்கள் உட்பட ஆறு பேருக்குக் காயம். குலுங்கல், அழுத்தம், சூடு, உராய்வு, இவ்வளவு போதும். உராய்வு என்கிற சொல்லை நம் பக்கத்தில் விபத்து நடந்த ஒவ்வொரு முறையும் செய்தியில் கேட்கிறோம். வேனில் குலுங்குகிற கூடைக்கும் அதே சொல்தான்.

வாசலில் சோதனை இருந்தாலும் தவறிப் போகும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2023 ஆகஸ்ட் 17 அன்று லக்னோவில் கிளம்பிய ஆன்மிகச் சுற்றுலாப் பயணிகளின் தனிப்பெட்டி 26ஆம் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே கேஸ் சிலிண்டர் இருந்தது. டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார்கள். ஒன்பது பேர் கருகி இறந்தார்கள். எத்தனை ஊர், எத்தனை ஸ்டேஷன் தாண்டி வந்த சிலிண்டர் அது! ஒரு வாசலில் கூட ஒரு கை அதைத் தடுக்கவில்லை. வைத்திருந்தவர்களும் யாரையும் கொல்ல நினைத்தவர்கள் அல்ல, கோயில் குளம் பார்க்க வந்தவர்கள். ரயிலில் பட்டாசோ வேறு தீப்பிடிக்கும் பொருளோ கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேனில் போகிறவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நிம்மதி அடையாதீர்கள். பயணிகள் வண்டியில் வெடிபொருள் ஏற்றக் கூடாது என்பதும் விதிதான்.

சாலையில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 அக்டோபர் 24 விடியலில் ஆந்திராவின் கர்னூல் அருகே ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு போன ஆம்னி பேருந்து, அடியில் ஒரு பைக் சிக்கியதில் தீப்பிடித்தது. 19 பயணிகள் பேருந்தோடு எரிந்தார்கள். அடியில் சரக்கு வைக்கும் இடத்தில் 234 செல்போன்கள் பார்சலாகப் போயிருந்தன, அவற்றின் பேட்டரிகள் வெடித்து நெருப்பை மூர்க்கமாக்கின என்று பின்னர் தெரியவந்தது. செல்போனுக்கே இப்படியென்றால், டிக்கியில் "சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க" என்று ஏற்றுகிற பட்டாசு கிஃப்ட் பாக்ஸை நினைத்துப் பாருங்கள். சிவகாசிக்காரர் வெளியூர் போனால் வெறுங்கையோடு போக மாட்டார் என்பது நம் பெருமை. பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் அந்தப் பெருமை வேண்டாம்.

ஆகவே சோதனை உங்கள் திண்ணையில் நடக்கட்டும், முந்தின நாள் சாயங்காலமே, வெளிச்சம் இருக்கும்போதே. கொண்டுபோகிற பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள். பக்க ஜிப்பையும் உள்ளறையையும் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். வேலைக்குப் போட்டுப் போகிற சட்டை, சேலை, செருப்பு எதுவும் பயணத்துக்கு வேண்டாம். பையனின் பாக்கெட்டை நீங்களே வெளியே இழுத்துப் பாருங்கள், அவன் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். அடிக்கவும் செய்யாதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பான்.

ஒன்றிரண்டு வெடி கிடைத்தால் வாளி நிறையத் தண்ணீரில் முக்கி விடுங்கள். பேப்பரில் மடித்த மருந்துத் தூள் கிடைத்தால் மட்டும் கை வைக்காதீர்கள், லேசாகத் தண்ணீர் தெளிக்கவும் செய்யாதீர்கள். அலுமினியக் கலவையில் ஈரம் பட்டால் தானே சூடேறும் என்பதை மருந்துக் கலவை வேலைக்குப் போகிறவர்கள் அறிவார்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, விஷயம் தெரிந்த ஃபோர்மேனையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

இதையும் மீறி பார்க் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பைக்குள் வெடி இருப்பது தெரிகிறது என்று வையுங்கள். வெட்கப்பட்டு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தொட்டியில் யாரோ அணைக்காத சிகரெட்டைப் போடுவார்கள். வெயிலில் நிற்கிற வேனுக்குள்ளும் திருப்பி வைக்காதீர்கள். காவலாளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் கேவலமாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இரட்டை உஷாராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 2015 டிசம்பரிலேயே வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்து, பொம்மைத் துப்பாக்கியை உள்ளே கொண்டுவரவும் விற்கவும் தடை போட்டுவிட்டன. சிங்கப்பூரில் பட்டாசுக்கு எதிரான சட்டம் 1972லிருந்து இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு ஆசையாகக் கேப் துப்பாக்கி எடுத்துப்போகிற தாத்தா பாட்டிகள் யாராவது இருந்தால் இப்போதே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க் வரை போக மாட்டீர்கள், விமான நிலையத்திலேயே நிற்பீர்கள்.

இனி எதிர்ப்பக்கம். உங்கள் பையைச் சோதிக்கிற வாசலை நீங்களும் சோதிக்க வேண்டும். 2024 மே 25, சனிக்கிழமை. குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி கேம் ஜோன் என்ற விளையாட்டுக் கூடம். 99 ரூபாய்ச் சலுகை நுழைவுச்சீட்டு, விடுமுறைக் கூட்டம். உள்ளே வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. தகரத்தாலும் இரும்பாலும் எழுப்பிய கூடத்துக்குள் எரிபொருளும் டயரும் இருந்தன. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடையாது. வெளியேற இருந்தது ஒடுக்கமான ஒரே வழி. பிள்ளைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள், மரபணுச் சோதனை செய்துதான் உடல்களை அடையாளம் காண முடிந்தது. உள்ளே போகிறவர்களிடம், அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என்னால் மறக்க முடியாதது அந்தத் தாள்தான். நுழைவுச் சடங்குகள் எல்லாம் ஒழுங்காக நடந்த இடம் அது.

எனவே கையில் பட்டை ஒட்டியதும் ஓடாதீர்கள். வெளியேறும் வழி எத்தனை, அவற்றில் பூட்டுத் தொங்குகிறதா, பக்கத்தில் வெல்டிங் பொறி பறக்கிறதா என்று கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள். எதையாவது தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் டிக்கெட் காசு போனால் போகிறது. பிள்ளைகள் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே காட்டி வையுங்கள். புகை, அலறல் என்று ஏதாவது கிளம்பினால் லாக்கரில் வைத்த பைக்காக ஒருவரும் திரும்பக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை நம் தலைமுறை மறந்திருக்காது. முதல் வெடிப்புக்குப் பிறகு காப்பாற்றவும் பார்க்கவும் உள்ளே ஓடியவர்கள்தான் அன்று போன நாற்பது உயிர்களில் பெரும்பகுதி. தொழிலாளியே அல்லாதவர்கள், வாசலில் அன்றைக்குத் தடுக்க ஆள் இல்லாமல் போனவர்கள்.

இனி வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு. எனக்கு அதிகம் நடுக்கம் தருவது இந்தப் பகுதி.

பார்க்கில் தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான் போடச் சொல்வார்கள். ஃபயர் ஆபீசில் நைலான் கூடவே கூடாது, பருத்தி மட்டும். அறைக்குள் நுழையுமுன் உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்கட்டும் என்று உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறோமே, அது எதற்காக? அந்த நைலான் டிரவுசரும் டீ ஷர்ட்டும் காய்ந்த பிறகு வேலைத்துணியோடு கலந்துவிடும், கவனம் தேவை. பார்க் கடையில் வாங்கிய மின்னுகிற வளையம், பேட்டரி பொம்மை, வழியில் யாரோ வாங்கிய லைட்டர், பவர் பேங்க் எல்லாம் பிள்ளை கைபட்டு அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள் விழ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலை ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கும், தூக்குவாளியை வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். ஆலையின் வெடிமருந்து அறை வரை அது போய்விடும்.

ஃபோர்மேன்களுக்கும் வாசல் காவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை கழிந்து ஆபீஸ் திறக்கிற முதல் நாள், தெரிந்த முகம்தானே, மதினிதானே என்று யாரையும் சும்மா அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பையையும் வாசலுக்கு வெளியே கொட்டிப் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள். வரிசை நீளும், வேலை அரைமணி நேரம் பிந்தும், முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.