சதுர கெஜத்துக்கு 625 உயிர்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை, கடலடி மணலில் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன மணல் டாலர்கள். கடல் முள்ளெலியின் தட்டையான உறவினர் இவை. நெருக்கமான இடங்களில் ஒரு சதுர கெஜத்துக்கு 625 வரை இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர கெஜம் என்பது சுமார் 8,360 சதுர செ.மீ. 625 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 13 சதுர செ.மீ.தான் கிடைக்கும். 7.5 செ.மீ. குறுக்களவுள்ள ஒன்று படுத்தால் அதற்கே 44 சதுர செ.மீ. வேண்டும். அப்படிப் படுத்தால் 190கூடத் தேறாது. குஞ்சுகளும் கலந்திருக்கும் என்று கழித்தாலும் கணக்கு இடிக்கிறது.

விடை எளிது: அவை நிற்கின்றன! உடலில் மூன்றில் ஒரு பங்கை மணலில் செருகி, மீதியை நீரோட்டத்தில் நீட்டுகின்றன. மிதந்து வரும் நுண்பாசியையும் சின்னஞ்சிறு உயிர்களையும் முட்களும் குழாய்க் கால்களும் பிடித்து, அடிப்புறத்தின் நடுவிலுள்ள வாய்க்குக் கடத்துகின்றன. வாயில் 5 பற்கள். ஒரு கவளத்தை மெல்லவே 15 நிமிடம் ஆகலாம்; செரிக்க 2 நாள். அலை முரண்டு பிடித்தாலோ நட்சத்திர மீன் நெருங்கினாலோ மணலுக்குள் புதைந்துவிடும்.

முட்டைகள் லட்சக்கணக்கில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.12 மி.மீ. பெரும்பாலானவை இரையாகிப் போகும். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிறந்து 4 நாளான லார்வாக்களை மீனின் சளி கலந்த நீரில் விட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் அவை தம்மையே நகலெடுத்துக்கொண்டன. நகலெடுக்கையில் உருவம் சிறுக்கிறது; சிறுத்தால் மீனின் கண்ணுக்குத் தப்பலாம். இந்த விலங்கைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

கடலடியில் இறங்கிய குஞ்சுக்கு எடை போதாது, அலை புரட்டிவிடும். அதனால் இரும்புச் சத்துள்ள கனமான மணல்துகள்களைத் தேர்ந்து விழுங்கிச் சேர்த்துவைக்கிறது. 3 செ.மீ. வளர்ந்தபின் அந்தச் சுமை தேவைப்படுவதில்லை.

குஞ்சு இறங்கும் இடத்தையும் பெரியவைதான் காட்டுகின்றன. அவை மணலில் விடும் வேதிப்பொருளை உணர்ந்தே லார்வா உருமாறுகிறது. குஞ்சுகளைத் தின்னும் சிறு ஓட்டுடலிகளும் அந்த மணலில் குறைவு. ஆகவே கரையில் கிடைப்பது ஊதா நிறமாக, முட்கள் அசைய இருந்தால் அது உயிருள்ளது; பைக்குள் போடாதீர்கள், நீரில் விட்டுவிடுங்கள். வெளுத்து வழவழத்த ஓடு மட்டுமே இறந்ததன் மிச்சம்.