கோங்க் ஆலயத்துப் பொற்சிலை: பேழையா, படிமமா?

மறைச்சாட்சியர், புனிதர் ஆகியோரின் எலும்பு, ஆடை முதலான எச்சங்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருப்பண்டம் என வழங்குவர். இடைக்கால ஐரோப்பாவில் இவற்றைப் பொதிந்து வைக்கப் பொன்னாலும் வெள்ளியாலும் பேழைகள் செய்யப்பெற்றன. அவற்றுள் பல சிறு கோயில் வடிவின. சில கை, தலை போன்ற உறுப்புகளின் வடிவின. தென்பிரான்சின் கோங்க் என்னும் மலையூரில் உள்ள புனித ஃபுவாவின் பேழையோ, அரியணையில் அமர்ந்த முழுவுருவச் சிலையாகும். அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

ஃபுவா, உரோமப் பேரரசு கிறித்தவரை ஒறுத்த காலத்தில் அஜான் நகரில் கொல்லப்பட்டதாக மரபு கூறும் இளம்பெண். அவளுடைய எலும்புகளும் அந்நகரிலேயே இருந்தன. கி.பி. 866ஆம் ஆண்டளவில் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அங்குச் சென்று, பல்லாண்டுகள் தங்கி, அங்குள்ளோரின் நம்பிக்கையைப் பெற்று, அவற்றைக் கவர்ந்து வந்தார் என்பது மடத்து வரலாறு. மடத்தார் இதனை மறைக்கவில்லை. பெருமையுடன் எழுதியே வைத்தனர். புனிதை இசையாவிடில் அவளுடைய எலும்புகள் இடம்பெயர்ந்திரா என்பது அக்காலத்தார் வாதம். களவு கைகூடியதே அவளது இசைவுக்குச் சான்றாயிற்று! இத்தகைய களவுகளைப் பாட்ரிக் கியரி 1978இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சிலை ஏறத்தாழ 85 செ.மீ. உயரமுடையது. மரத்தாலான உள்ளுடலைப் பொற்றகடு போர்த்துள்ளது. அடியார் அளித்த மணிகள் அதன்மீது காலந்தோறும் பதிக்கப்பெற்றன. தலை, உடலின் அளவுக்குப் பொருந்தாது பெரிதாக உள்ளது. அது பிற்கால உரோமர் காலத்து ஆண்தலை ஒன்றாக இருக்கலாம் என அறிஞர் கருதுவர்.

1013இல் ஆன்ஜேர் நகரத்துக் கல்வியாளர் பெர்னார் இப்பகுதிக்கு வந்தார். வழியில் ஒரியாக்கில் புனித ஜெரால்டின் சிலையைக் கண்டு, ஜூபிட்டருக்கோ மார்சுக்கோ இச்சிலை தகாததா என உடன்வந்தவரிடம் இலத்தீனில் ஏளனமாகக் கேட்டார். சூழ நின்ற மக்களுக்கு அம்மொழி விளங்காது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மூன்று நாள்களுக்குப்பின் கோங்க் சேர்ந்தபோதும் அவ்வேளனம் நீங்கவில்லை. ஆயின் அங்கு நிகழ்ந்தனவாகக் கூறப்பட்ட அற்புதங்களைக் கேட்டறிந்தபின் மனம் மாறி, அவற்றைத் தொகுத்து எழுதியவரும் அவரே. அது பலிபெறும் சிலையன்று, புனிதையின் நினைவுச்சின்னம். இன்னும் சரியாகச் சொன்னால், அவளுடைய எலும்புகளைத் தாங்கும் பேழை என்பது அவர் கண்ட விடை. உள்ளிருக்கும் எலும்பே சிலையைக் காத்தது எனலாம்.

இவ்விடை புதிதன்று. திருப்பண்டங்களை நாம் ஆராதிப்பதில்லை, அவற்றின்வழி மறைச்சாட்சியரைப் போற்றுகிறோம் என ஜெரோம் 406ஆம் ஆண்டளவிலேயே வாதிட்டார். இறைவனுக்கு ஆராதனை, புனிதருக்கு வணக்கம் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வேறுபடுத்துவதும் இதுபற்றியே. இரண்டையும் 'வழிபாடு' என ஒரே சொல்லால் பெயர்த்தால், பெர்னாரின் ஐயமும் விளங்காது. அவர் கண்ட விடையும் விளங்காது.